தேற்றத்துக்கு நேர்ந்துவிட்ட ஆடு

ஆம்ஸ்டர்டாம்
14 ஜூன் 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். நீங்கள், அண்ணன், அம்மா மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கிறது. தூங்க முடியவில்லை. ஆனால் தூக்கம் வராததற்கு வெயில் காரணம் இல்லை.

மதினி, முடிந்துவிட்டது! மூன்று வருடமாக நான் மல்லுக்கட்டிய கணக்கு முடிந்துவிட்டது.

நம் வீட்டில் என்னைத் தவிர கணக்குப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் உங்களிடம் முதலில் சொல்கிறேன். மண்டியில் ஆயிரம் மூட்டை சின்ன வெங்காயம் இருக்கிறது. எல்லாம் வேறு வேறு காட்டில் விளைந்தவை; இரண்டு மூட்டை மட்டும் ஒரே காட்டுச் சரக்கு. அந்த இரண்டு எவை? சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் அநேகமாக எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குவாண்டம் கம்ப்யூட்டரில் பல மூட்டைகளை ஒரே சமயத்தில், அலை பரவுவது போலத் தொட்டுப் பார்க்கலாம். என் முறைப்படி முப்பது முறை பார்த்தால் போதும். அப்படி ஒரு இயந்திரத்தை உலகத்தில் இன்னும் யாரும் உருப்படியாகக் கட்டவில்லை. கட்டினால் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று தாளில் நிரூபிப்பதுதான் எங்கள் வேலை.

பதினொரு பக்க நிரூபணத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்டோபரில் ஒரு பெரிய கூட்டத்தில் பேசப் போகிறேன். பிறகு ஆய்வேட்டை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். தைத் திருவிழாவுக்குள் முடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று அம்மா வைத்த கெடுவிலிருந்து தப்பித்தேன். அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு
ஜெஸ்ஸி


நாகல் நகர், திண்டுக்கல்
2 ஜூலை 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பன்னும் பாலும் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை.

உன் கடிதம் வந்தபோது நான் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினேன். ஒற்றைச் செருப்போடு நின்றபடியே முழுவதையும் படித்தேன். "என்னத்தா, ஒத்தக் கால்ல நிக்கிற?" என்று அத்தை கேட்டார். வெங்காய மூட்டைக் கதையைச் சொன்னேன். செம்பட்டிக் காட்டில் இருபது வருடம் வெங்காயம் போட்டவர் அல்லவா, கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏத்திட்டு வந்த வண்டிக்காரன்ட்டக் கேட்டாச் சொல்லிட்டுப் போறான். இதுக்கா மூணு வருசம்?" என்றார்.

ஆனால் நீ கெடுவிலிருந்து தப்பித்துவிட்டாய் என்று சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பதமாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. மறுநாளே பங்குச் சாமியாரிடம் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார், "நம் பங்குப் பிள்ளை ஜெஸ்ஸி புதுவகைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்" என்று மைக்கில் அறிவித்தார். எதிர்வீட்டு பவுல்ராஜின் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்றாம். "ஒங்க நாத்தனா வாரப்ப ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க டீச்சர்" என்கிறார்.

இன்னும் பெரிய செய்தி இருக்கிறது. செபஸ்தியாருக்கு ஒரு கிடாய் நேர்ந்துவிட்டாயிற்று. உன் அண்ணன் செம்பட்டி உரக்கடையை அரை நாள் பூட்டிவிட்டுப் போய்க் குட்டி வாங்கி வந்தார். கொல்லையில் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறோம். தைத் திருவிழா விருந்துக்கு அதைக் கோயிலில் கொடுக்க வேண்டும். நேர்ச்சை ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லியும் கேட்காமல் உன் அண்ணன் அதை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறார். உனக்கு முன்னால் அதற்குப் பட்டம் கிடைத்துவிட்டது.

உன் நிரூபணத்தை ஒரு நோட்டில் என் கையெழுத்தில் படி எடுத்து வருகிறேன். கையால் எழுதினால்தான் எனக்குக் கணக்கு உள்ளே போகும். தெரியாத இடங்களில் உன் பழைய கடிதங்களைப் புரட்டிக்கொள்கிறேன். தினம் அரைப் பக்கம்.

மதினி
மலர்விழி


ஆம்ஸ்டர்டாம்
20 ஜூலை 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மதினி,

சுகம், சுகம். ஆட்டுச் செய்தியைப் படித்துவிட்டு நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்ததில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். என் அறைத்தோழிக்கு விளக்கினேன். "தேற்றத்துக்கு ஆடா?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஆனாலும் ஏன் இம்புட்டு அவசரம்? பேராசிரியர் இன்னும் வரிவரியாகப் படித்து முடிக்கவில்லை. டாக்டரின் போட்டோ ஒன்று அனுப்புங்கள். அம்மா மாத்திரை சாப்பிடுகிறாரா?

ஜெஸ்ஸி


நாகல் நகர்
16 ஆகஸ்ட் 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

இங்கு யாவரும் நலம். நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். பூசையில் உனக்காக வேண்டிக்கொண்டோம். அத்தைக்குக் கால்வலி பரவாயில்லை.

டாக்டரின் போட்டோவை இதில் வைத்திருக்கிறேன். வாயில் என்ன என்று உற்றுப் பார். என் நோட்டு. கொல்லையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் கேட்டு உள்ளே போய்ச் செத்த நேரத்தில் திரும்பி வந்தால், முதல் எட்டுப் பக்கம் காணோம். உன் அண்ணன் நோட்டைப் பிடுங்காமல் காமிராவைத் தேடி ஓடினார். "அது தேற்றத்துக்கு நேந்த கிடாய்தான, தேற்றத்தத் திங்காம வேற என்னத்தத் திங்கும்?" என்றார் அத்தை.

உன் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே முதலிலிருந்து மறுபடி எழுதினேன். முதல் தடவை புரியாத சில இடங்கள் இரண்டாம் தடவை புரிந்தன.

ஏழாம் பக்கம், மூன்றாம் வரியில் பென்சிலால் ஒரு சின்ன கேள்விக்குறி போட்டிருக்கிறேன். உன் முறையில் பத்துப் படிகள். ஒவ்வொரு படியும் கீழ்ப்படியை அழைக்கிறது. ஒரு மூட்டையைப் பார்த்த குறிப்பு எங்காவது மிச்சம் இருந்தால் அலைகள் ஒன்றுசேராது, அதனால் குறிப்பை அழித்துவிட வேண்டும் என்று நான்காம் பக்கத்தில் நீயே சொல்கிறாய். அழிக்கக் கீழ்ப்படியைப் பின்னோக்கி மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும், இல்லையா? ஏழாம் பக்கத்துக் கணக்கில் அது எங்கே வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. சமைத்த நேரம் எழுதியிருக்கிறது, பாத்திரம் கழுவிய நேரம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நான் எம்.எஸ்ஸி. முடித்து இருபது வருடமாகிறது. தப்பாகத்தான் புரிந்திருப்பேன். அவசரமில்லை, சும்மா கேட்டேன்.

மதினி
மலர்விழி


நாகல் நகர்
25 செப்டம்பர் 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. தபால் தாமதமாக இருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி என் விரல் முழுக்கச் சிவப்பு மை. மழை இரண்டு நாள் பெய்தது. டாக்டர் நன்றாகத் தேறிவிட்டது. உன் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது கயிற்றை இழுத்துக்கொண்டு வாசல்வரை வருகிறது. நான் போன கடிதத்தில் கேட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மறந்துவிடு.

மலர்விழி


ஆம்ஸ்டர்டாம்
8 அக்டோபர் 1999

அன்புள்ள மதினிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. புதிதாக ஒரு கோட்டு வாங்கினேன், நீல நிறம். சைக்கிளில் போனால் காது உறைகிறது. போன வாரம் பாலத்தின் மேல் காற்று என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளியது. அடி ஒன்றும் இல்லை. அக்டோபர் கூட்டத்தில் நான் பேசவில்லை, அது பிறகு. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

ஜெஸ்ஸி


நாகல் நகர்
22 அக்டோபர் 1999

சேசு மரி சூசை துணை

என் அன்பு ஜெஸ்ஸி,

நாங்கள் நலம். நீ நலமில்லை. உன் கடிதத்தின் தலைப்பில் சேசு மரி சூசை இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மளிகைச் சீட்டு எழுதினால்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் நீ சீரகம் என்று தொடங்குவாய்.

ஏழாம் பக்கம் தப்புதானே?

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். புரியவில்லை என்று எழுதியது பொய். ஒவ்வொரு படியிலும் கழுவுகிற வேலை சேர்ந்து இரட்டிப்பானால், பத்துப் படிக்கு ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. முப்பது எங்கே, அது எங்கே. மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பென்சில் குறியைப் போட்டேன். இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளின் தாளில் கை கூசாமல் சிவப்பு மையால் சுழித்தவள், உன் தாளில் பென்சிலை எடுத்தேன். அது அன்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அது பயம். கெட்ட செய்தியைச் சொன்னவளாக இருக்கக் கூடாது என்று உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். இரண்டு மாதம் நீ அதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாய். மன்னித்துவிடு.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடு அது பாட்டுக்கு வளர்கிறது.

இனிமேல் பென்சில் இல்லை. கழுவாமல் சமைக்க ஏதாவது குறுக்குவழி உண்டா என்று தேடினேன். பத்துப் படி எனக்கு மலைப்பு. ஆகவே முதலில் இரண்டு படி, பிறகு மூன்று. இரண்டு படிக்கு நான்கு வழி, மூன்று படிக்கு இருபத்திரண்டு வழி. எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒரு குறிப்பு அழியாமல் நிற்கிறது. நிற்பதையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். குறுக்குவழி இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லை என்பதையாவது காட்ட முடியுமா? இது அசட்டுக் கேள்வியாக இருந்தால் அப்படியே சொல்.

கோட்டுக்குள் கம்பளிச் சட்டை போடு.

மதினி
மலர்விழி


ஆம்ஸ்டர்டாம்
20 நவம்பர் 1999

சேசு மரி சூசை துணை
(இரண்டு முறை போடலாமா?)

என் மதினிக்கு,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே.

உங்கள் ஆகஸ்டு கடிதத்தை டிராமில் வைத்துப் படித்தேன். "பாத்திரம் கழுவிய நேரம்" என்ற வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டேன். அன்றே பேராசிரியரிடம் சொன்னேன். கூட்டத்திலிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். உங்களிடம் சொல்லாத இன்னொன்று: பல்கலைக்கழகம் எனக்குத் தந்த நான்கு வருடம் பிப்ரவரியில் முடிகிறது. கையில் ஒன்றுமில்லை. ஊருக்கு வந்துவிடலாம் என்று பெட்டியைக்கூடக் கீழே இறக்கி வைத்தேன். ஆட்டை நினைத்தால்தான் வர வெட்கமாக இருந்தது.

பிறகு உங்கள் அட்டவணை வந்தது. அதைச் சுவரில் ஒட்டினேன். ஒரு வாரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மதினி, உங்கள் சிவப்பு வட்டங்கள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. மூன்று படி அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு படி அட்டவணையின் ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது. அப்படியே நான்கு, ஐந்து, எத்தனை படி வேண்டுமானாலும்! நீங்கள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அதுதான் கேள்வியே. இப்படிப் படிப்படியாக இறங்கும் எந்த முறையாலும் அந்த இரட்டிப்பைத் தவிர்க்க முடியாது. முடியாது என்பதற்கு நிரூபணம் நான்கே பக்கம். முன்பு எழுதிய பதினொன்றைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அது ஒரு தந்திரம். இது ஏன் என்று சொல்கிறது.

பேராசிரியர் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். நான்காம் நாள், "இதை வைத்து ஆய்வேட்டை எழுது" என்றார். ஆனால் எனக்கு அது போதாது. இந்த நான்கு பக்கத்தையும் நீங்கள் கையால் எழுதிப் பாருங்கள். டாக்டருக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து, சிவப்பு மையால்.

ஒரே ஒரு சங்கடம். கிடாய் நேர்ந்தது 'முடியும்' என்ற தேற்றத்துக்கு. இப்போது தேற்றம் 'முடியாது' என்று ஆகிவிட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது?

உங்கள்
ஜெஸ்ஸி


நாகல் நகர்
5 டிசம்பர் 1999

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

யாவரும் நலம். நான்கு பக்கத்தையும் இரண்டு முறை எழுதினேன். சிவப்புப் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தேன். மூடியைத் திறக்க வேண்டி வரவில்லை. சரியாக இருக்கிறது, ஜெஸ்ஸி.

இன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும், ஜூனிலிருந்து, சொல்லிவிட்டேன். உன் அண்ணன் மெதுவாக எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அத்தை முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "பேனாவ எடு, நான் சொல்றேன், நீ எழுது" என்றார். சொன்னது சொன்னபடி கீழே:

"ஏ ஜெஸி, எந்தாயி, நல்லாருக்கியா? அம்மா நல்லாருக்கேன். ஒம் மதினி எல்லாஞ் சொன்னா. ஆக்கித் தின்னா கழுவித்தேன் ஆகணும், குறுக்குவழி கெடையாதுங்கறத அம்புட்டுத் தூரம் போயிக் கண்டுபிடிச்சிருக்க. எங்கிட்டக் கேட்டுருந்தா இங்கனயே சொல்லிருப்பேன்.

ஆட்டப் பத்தி விசனப்படாத. செபஸ்தியார்ட்ட நான் என்ன கேட்டேன்னு எனக்குத்தேன் தெரியும். முடியும்னு கேக்கல, முடியாதுன்னும் கேக்கல. எனக்கு அதெல்லாம் என்னத்தத் தெரியும்? 'எம்மக சொல்றது சரியா இருக்கணும், நாளைக்கு நாலு பேரு தப்புன்னு சொல்லிரக் கூடாது'ன்னு கேட்டேன். தப்பா இருந்ததக் காமிச்சுக் குடுத்ததே அந்தக் கெடாதான? அது நோட்டத் திங்கலன்னா ஒம் மதினி ரெண்டாந் தடவ எழுதியிருப்பாளா? செபஸ்தியாரு தன் வேலையத் திருவிழாவுக்கு முந்தியே முடிச்சுட்டாரு. (அத்தை இங்கே சிரிக்கிறார்.) பெறகென்ன.

பெட்டியத் தூக்கி மேல வையி. கெடு வச்சவ நாந்தேன், நானே எடுத்துட்டேன். முழுசா முடிச்சுட்டு வா. கல்யாணத்துக்கு என்ன, மாப்பிள்ளைக எங்கயும் ஓடிறல. வாரவனுக்குப் பாத்திரங் கழுவத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்க. போதும்த்தா, கையெழுத்துப் போடு."

அத்தை தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார், பார். 'செபாஸ்தியம்மாள்' தாளின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

மலர்விழி


ஆம்ஸ்டர்டாம்
3 ஜனவரி 2000

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மதினிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகம், பெட்டி மேலே ஏறிவிட்டது. அம்மாவின் கையெழுத்தை உங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கட்டுரையை வியாழக்கிழமை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினோம். இரண்டு பெயர், ஆங்கில அகர வரிசைப்படி: ஜெஸ்ஸி, மலர்விழி. வேண்டாம் என்று நீங்கள் எழுதப் போகும் கடிதத்துக்கு என் பதில்: தபாலில் போட்டாயிற்று. உங்கள் முகவரி கேட்டார்கள். பள்ளியின் பெயரைக் கொடுத்தேன். நன்றி சொல்லும் இடத்தில் ஆட்டையும் சேர்த்திருந்தேன், பேராசிரியர் எடுத்துவிட்டார். எனக்கு நான்கு மாதம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். மே மாதம் வாய்மொழித் தேர்வு, ஜூனில் ஊர்.

திருவிழாவுக்குத்தான் வர முடியவில்லை. ஒன்று விடாமல் எழுதுங்கள்.

ஜெஸ்ஸி


நாகல் நகர்
24 ஜனவரி 2000

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்ஸிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நலத்துக்கு மேல் என்று ஒன்று இருந்தால் அது.

என் பெயரைப் பற்றிச் சண்டை போடப் பக்கம் பக்கமாக யோசித்து வைத்திருந்தேன். பள்ளியில் தலைமையாசிரியை உன் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். வகுப்புக்குள் நுழைந்ததும் அறுபது பேரும் எழுந்து கை தட்டினார்கள். "உட்காருங்க, சார்புகள் பாடம்" என்றேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் தேதியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். சண்டை இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் அண்ணன் டாக்டரைக் குளிப்பாட்டிச் சாமந்தி மாலை போட்டு, கோயில்வரை தானே நடத்திக்கொண்டு போனார். கொடுத்துவிட்டு வரும்போது கயிற்றை மட்டும் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். முப்பத்தெட்டுக் கிடாய் வந்திருந்தது. ரஹ்மத்துல்லா பாய்தான் இந்த வருடமும் பிரியாணி மாஸ்டர்; திருவிழாவன்று காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி ஒன்பது மணிக்கு அண்டாக்களை இறக்கினார். பூசை முடிவில் பங்குச் சாமியார் மைக்கில், "ஜெஸ்ஸி கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் இல்லை, தவறு என்னுடையது" என்றார். பின் வரிசையில் பவுல்ராஜ் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

உன் அண்ணன் விருந்தில் உட்கார மாட்டார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். நானும் கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டேன். என் நோட்டின் எட்டுப் பக்கம் அதற்குள் இருந்ததே.

கடைசிப் பந்தி எழுந்ததும் கோயில் பின்புறத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ஏத்தா மலரு! ஒங்க தேற்றம் இங்கன வரிசையாக் கெடக்கு, வா!" பெண்கள் பன்னிரண்டு பேர் சேலையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தோம். சாம்பல், தேங்காய் நார், குழாய்த் தண்ணீர். கடைசி அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அத்தை என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

சரியாக நான்கு மணி நேரம், ஜெஸ்ஸி. சமைத்த நேரமேதான்.

உன்
மதினி மலர்விழி